எந்த வெள்ளி?

கிள்ளான்
திருவள்ளுவர் ஆண்டு 2056, ஆவணி 24, செவ்வாய் (9-9-2025)

செயலாளர் திருவாட்டி குணபூசணி அவர்களுக்கு,

இம்மடலை வரும் ஞாயிறன்று கூடும் செயற்குழுவில், ஒரு சொல் குறையாமல், தாங்களே எழுந்து நின்று படிக்க வேண்டும். படிக்க வேண்டியது பின்வருமாறு.

கிள்ளான் செந்தமிழ் முழக்க மன்றத்துப் பெருமக்களே! முப்பது ஆண்டுகள் என் குரலுக்குத் தோள் கொடுத்தவர்களே! ஒலிபெருக்கி பழுதான நாளிலும் கடைசி வரிசையை விட்டு எழாதவர்களே! கேளுங்கள். நாம் இழிவுபடுத்தப்பட்டோம். மூடிய அறையில் அல்ல. முப்பத்தாறு பேர் பார்த்து நிற்க, பட்டப்பகலில், கப்பலின் இறங்குபடியில் இழிவுபடுத்தப்பட்டோம்.

மன்றத்தின் முப்பதாம் ஆண்டு நிறைவுக்காகச் சிங்கப்பூரில் கப்பலேறினோம். நான்கு நாள் கடலில் இருந்தோம். ஆகஸ்டு 31, நம் மலேசிய நாட்டின் விடுதலை நாளன்று, நடுக்கடலில் விருந்து வைத்துத் தமிழ் முழங்கினோம். நம் பதினெட்டு அறைகளையும் பார்த்துக்கொண்ட அறைப் பணியாளன் சிவநேசன், நாகப்பட்டினத்துத் தமிழன். தமிழன் என்பதாலேயே அவனைத் தனியே சிறப்பிக்க எண்ணினேன். இருநூறு வெள்ளி தருவதாக அவையறியச் சொன்னேன். சொன்னபடி, இறங்கும் நாளில் உறையிலிட்டு, பொன்னாடை போர்த்திக் கொடுத்தேன்.

அவன் என்ன செய்தான்? உறையைப் பிரித்தான். எண்ணினான்! கொடுத்தவன் கண்முன்னே நின்று எண்ணினான்! பிறகு அதை என் கையிலேயே திருப்பி வைத்து, "ஐயா, இது இங்க செல்லாதுங்க" என்றான்.

எது செல்லாது? இருப்புப்பாதைக்குக் கல் சுமந்தவனின் கூலி செல்லாதா? மரம் வெட்டிக் காடு திருத்தியவனின் வியர்வை செல்லாதா? இந்த நாட்டுப் பணத்தைச் செல்லாது என்று சொல்ல, சம்பளத்துக்குக் கப்பலேறிய ஒருவனுக்கு வாய் எப்படி வந்தது?

நான் வாளாவிருக்கவில்லை. கப்பல் நிறுவனத்துக்கு அன்றே முறையீடு அனுப்பிவிட்டேன். கூடுதலாகப் பணம் கேட்டு வற்புறுத்தினான், நம் பணத்தை மதிப்பற்றது என்றான், பயணியரைச் சிறுமைப்படுத்தினான் என்று எழுதச் செய்திருக்கிறேன். அதற்குத் துணையாக மன்றமும் ஒருமனதாக முடிவெடுத்துக் கண்டனம் அனுப்ப வேண்டும். செயலாளர் கையொப்பம் அதில் முதலாவதாக இருக்க வேண்டும்.

இறங்குபடியில் தாங்கள் அவன் பக்கமாக நகர்ந்து நின்றதை நான் மறக்கவில்லை. அதனால்தான் அழைப்பு வராதபடி தங்கள் கைப்பேசி எண்ணை அடைத்திருக்கிறேன். பதில் எதுவாயினும் எழுத்தில் வரட்டும்.

கா. வேலாயுதம்
தலைவர்

*

பிரிக்பீல்ட்ஸ்
12 செப்டம்பர் 2025, வெள்ளி
(கிழமையைச் சொல்கிறேன், பணத்தை அல்ல.)

தலைவர் அவர்களுக்கு,

தங்கள் மடல் கிடைத்தது. படிக்க மாட்டேன். கையொப்பமும் இட மாட்டேன்.

காரணம் கேட்பீர்கள். தங்கள் மடலில் இருப்பதைக் கொண்டு வழக்காட எனக்கு ஒன்றுமில்லை. அதில் இல்லாதவைதான் என்னை எழுத வைக்கின்றன. மடலில் ஒரே ஒரு நாள் இருக்கிறது, இறங்கிய நாள். அதற்கு முன் நான்கு நாள் இருந்தன.

முதல் நாளை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் கப்பலில் ஆளுக்கு இத்தனை என்று பணியாளர்களுக்கான தொகையை அவர்களே கணக்கில் சேர்த்துவிடுவார்கள். தாங்கள் வரவேற்புக் கவுண்டருக்குப் போய், முப்பத்தாறு பேர் கணக்கிலிருந்தும் அதை நீக்கச் சொன்னீர்கள். "கருவி பிடித்துக் கொடுப்பது கொடையன்று; கையால் கொடுப்பதே தமிழர் முறை" என்றீர்கள். அங்கே இருந்த சீனப் பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை. எப்போதும் தங்கள் கூடவே நிற்கும் லோகன்தான், "அங்கிள் வந்து டிப்ஸ் கையில குடுப்பாரு, பில்லுல வேணாம்லா" என்பதை ஆங்கிலத்தில் சொல்லி முடித்துவைத்தான். ஆக, பதினெட்டு அறைக்கும் சேர்த்துச் சிவநேசனுக்கும் மற்றவர்களுக்கும் வரவேண்டியது அந்த நொடியே நின்றது. அதற்குப் பிறகு அவர்களுக்கு இருந்த ஒரே நம்பிக்கை தங்கள் கை.

கையைப் பற்றிச் சொல்லும்போது இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. டிப்ஸ் என்ற சொல் கூடாது என்று சுற்றறிக்கையின் ஏழாம் பிரிவில் "பணியாளர்க்கு உரிய கையுறையுடன் வருக" என்று எழுதினீர்கள். பழைய நூல்களில் கையுறை என்றால் காணிக்கை. எனக்குத் தெரியும், தங்களுக்குத் தெரியும். உஷாராணி அக்காவுக்குத் தெரியாது. பாத்திரம் கழுவும் ரப்பர் உறை ஒரு பாக்கெட் வாங்கிக்கொண்டு வந்து, "ஏன் தலைவரே, கப்பல்ல நம்மதான் கழுவணுமா?" என்று பேருந்தில் கேட்டார். எல்லாரும் சிரித்தோம். தாங்களும் சிரித்தீர்கள். அந்தச் சிரிப்போடு நிறுத்தியிருக்கலாம்.

நான்கு நாளும் வெங்காயம் பூண்டு இல்லாத சாப்பாடு வேண்டும் என்றீர்கள். கப்பலில் அப்படி ஒரு வழக்கமில்லை. சிவநேசன் தன் ஓய்வு நேரத்தில் சமையற்கட்டுக்குள் போய், ஒரு பிலிப்பினோவுக்கும் ஓர் இந்தோனேசியருக்கும் ரசம் வைக்கச் சொல்லிக்கொடுத்தார். தாங்கள் இரண்டாம் முறை வாங்கிக் குடித்த ரசம், மிளகு என்ற சொல்லே தெரியாதவர் வைத்தது. அவர்கள் இருவரும் கூடுதல் வேலையை இறுதிவரை ஏன் செய்தார்கள்? தங்கள் இருநூறில் அவர்களுக்கும் பங்கு தருவதாகச் சிவநேசன் சொன்னதால்.

அவன், அவன் என்று எழுதுகிறீர்கள். அந்த மனிதருக்கு நாற்பத்தாறு வயது. பதினான்கு ஆண்டாகக் கப்பலில் இருக்கிறார்.

இப்போது நான் எழுத வேண்டியதற்கு வருகிறேன். நேற்று அவரிடமிருந்து எனக்கு அழைப்பு வந்தது.

"அக்கா, நான் காசு கேட்டு வற்புறுத்துனேன்னு எழுதியிருக்காங்களாம். அப்படி நான் கேட்டேனா? நீங்க பக்கத்துலதானே நின்னீங்க?"

பயணியிடம் பணம் கேட்டார் என்று எழுத்தில் ஒரு முறையீடு வந்தாலே வேலையிலிருந்து விலக்கிவைப்பது அந்த நிறுவனத்தின் விதி. கப்பல் அவரை விட்டுவிட்டுப் போய்விட்டது. சிங்கப்பூரில் பணியாளர் விடுதி ஒன்றில் உட்கார்ந்திருக்கிறார். விசாரணை செப்டம்பர் 30, செவ்வாய், காலை ஒன்பது மணி. குற்றம் உறுதியானால் இனி எந்தக் கப்பலிலும் அவருக்கு இடமில்லை.

முறையீட்டைத் திரும்பப் பெறுங்கள். கண்டனத்தைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

குணபூசணி

*

கிள்ளான்
ஆவணி 31, செவ்வாய் (16-9-2025)

செயலாளர் அவர்களுக்கு,

படிக்க மறுத்தீர். உடல்நலமில்லை என்று சொல்லி ஞாயிற்றுக்கிழமை வராமலும் இருந்தீர். நானே படித்தேன். ஒன்பது பேரில் ஏழு பேர் கை தூக்கினர். சபாபதி மட்டும், "யோசிச்சுச் செய்வோம் தலைவரே" என்று முனகினார். அவர் எப்போதும் முனகுபவர்.

உமது கடிதத்தில் ரசம் இருக்கிறது, ரப்பர் உறை இருக்கிறது, சீனப் பெண் இருக்கிறாள். "செல்லாது" என்ற சொல்லுக்கு மறுமொழி மட்டும் இல்லை! நான் கேட்ட ஒரே கேள்வியைத் தாண்டிக் குதித்துவிட்டுச் சமையற்கட்டுக்குள் ஒளிந்துகொண்டீர்.

நான் சொன்னது இருநூறு வெள்ளி. கொடுத்தது இருநூறு வெள்ளி. ஒரு காசு குறைந்ததா? வெள்ளி என்றால் என்னவென்று கிள்ளான் பாசாரில் கீரை விற்பவளைக் கேளும். "ஒரு கட்டு ரெண்டு வெள்ளி அண்ணே" என்பாள். அவள் எந்த நாட்டுப் பணத்தைக் கேட்கிறாள்? ஜெஞ்சாரோமிலிருந்து செம்பனைக் குலை ஏற்றிவரும் லோரிக்காரனைக் கேளும். கோயில் வாசலில் பூக்கட்டுபவனைக் கேளும். சிங்கப்பூர்க்காரன் தன் பணத்தையும் வெள்ளி என்று அழைத்துக்கொண்டால் அது அவன் பாடு. இரவல் வாங்கியவன் அவன். உடைமைக்காரன் நான்.

நம் பணத்துக்கு வைத்திருக்கும், 'ரி' என்று தொடங்கும் அந்த மற்றைச் சொல்லை முப்பது ஆண்டாக என் நாவால் தொட்டதில்லை. 'டா' என்று தொடங்குவதையும் தொட்டதில்லை. தொடவும் மாட்டேன். என் மொழியில் சொல் இருக்கும்போது அடுத்த வீட்டுக் கதவை நான் ஏன் தட்ட வேண்டும்?

இன்னொன்று. பணம் திரட்டிய தட்டை ஏந்திச் சென்றவர் யார்? நீர். எண்ணியவர் யார்? நீர். உறையை ஒட்டி என் கையில் தந்தவர் யார்? நீர்! இருபத்திரண்டு ஆண்டு நாணய மாற்றகத்தில் இருந்தவருக்கு அந்தப் பணம் கப்பலில் செல்லாது என்று அன்று தெரியவில்லையா? தெரிந்திருந்தால் அப்போது வாய் எங்கே போயிற்று? தெரியவில்லை என்றால் இப்போது ஏன் எனக்குப் பாடம் எடுக்கிறீர்?

முறையீடு நிற்கும். விலகுவதானால் நீர் செயலாளர் பொறுப்பிலிருந்து விலகலாம். அதையும் எழுத்திலேயே தரவும்.

வேலாயுதம்

*

பிரிக்பீல்ட்ஸ்
20 செப்டம்பர் 2025, சனி

வேலாயுதம் அண்ணனுக்கு,

தலைவர் என்று இனி எழுத மாட்டேன். பதவியிடம் பேசிப் பயனில்லை, ஆளிடம் பேசுகிறேன்.

வாய் எங்கே போயிற்று என்று கேட்டீர்கள். சரியான கேள்வி. அதற்கு மட்டும் முதலில் பதில் சொல்கிறேன்.

ஜூலைச் செயற்குழுவில் நான் எழுந்து நின்றது நினைவிருக்கிறதா? அந்தக் கப்பலில் ஓடுவது சிங்கப்பூர் டாலர், பணியாளருக்கு அதைத்தான் கொடுக்க வேண்டும், சில்லறையாகக் கூடாது, தாளாக இருக்க வேண்டும், என்னிடம் கொடுங்கள், பிரிக்பீல்ட்ஸில் நல்ல விலைக்கு மாற்றித் தருகிறேன் என்றேன். நீங்கள் என்ன சொன்னீர்கள்? "கம்பிக் கூண்டுக்குள் உட்கார்ந்து அயலவன் தாளை எண்ணிய கைக்கு நம் பணத்தின் மானம் எங்கே தெரியும்?" அவை சிரித்தது. லோகன் மேசையைத் தட்டிச் சிரித்தான். நான் உட்கார்ந்தேன்.

அதனால்தான், அண்ணே. கடைசி நாள் தட்டு சுற்றி வந்தபோது நம்மவர்கள் பையைக் கவிழ்த்துச் சில்லறையையும் கொட்டினார்கள். ஐம்பது காசு, இருபது காசு, அறுபது ரிங்கிட் அளவுக்குச் சில்லறை. எந்த நாட்டு நாணய மாற்றுக் கடையிலும் அயல்நாட்டுச் சில்லறையை எடுக்க மாட்டார்கள். கப்பலுக்குள் தாளே எடுபடாது, சில்லறைக்கு எங்கே போவது? தெரிந்துதான் எண்ணினேன். தெரிந்துதான் உறையை ஒட்டினேன். இந்த மனிதர் அவையில் ஒருமுறை விழட்டும் என்று விட்டேன்.

விழுந்தது நீங்கள் அல்ல.

இந்தப் பழியைச் சுமந்துகொண்டுதான் எழுதுகிறேன். என் பங்கை மறைத்துக்கொண்டு உங்கள் மேல் கல்லெறியவில்லை. ஆனால் உங்கள் பங்கு இன்னும் பாக்கி இருக்கிறது.

இருநூறு வெள்ளி என்று சொன்னேன், இருநூறு வெள்ளி கொடுத்தேன் என்கிறீர்கள். நீங்கள் சொன்னதைச் சபாபதி அண்ணன் தன் கைப்பேசியில் காணொளியாக எடுத்திருக்கிறார். அவர் முனகியது அதனால்தான். அதை ஒரு விரல்நீளக் கருவியில் ஏற்றி இத்துடன் வைத்திருக்கிறேன். லோகனிடம் கொடுத்தால் போட்டுக் காட்டுவான். போட மாட்டீர்கள் என்று தெரியும். ஆகவே எழுத்திலும் தருகிறேன். ஆகஸ்டு 31 விருந்து, உங்கள் குரல்:

"அயலவன் டாலர் என்பான்! தமிழன் வெள்ளி என்பான்! இந்தக் கப்பலில் எந்தப் பணம் ஓடுகிறதோ, அந்தப் பணத்துக்கும் தமிழில் பெயர் வெள்ளிதான்! சிவநேசா, முன்னே வா! இந்த மன்றம் உனக்கு இருநூறு வெள்ளி தருகிறது!"

கைதட்டல். அது அடங்கும்போது ஓரத்தில் இரண்டு குரல் கேட்கிறது. ஒன்று சிவநேசனுடையது. இன்னொன்று லோகனுடையது.

"அண்ணே, எங்க ஊர்ல வெள்ளின்னா கிழமை, இல்லாட்டி கொலுசு. ஐயா எதைச் சொல்றாரு?"

"டாலர்தான் பாஸ். இப்பதானே சொன்னாரு, காது கேக்கலயா?"

"இருநூறு டாலருங்களா?"

"தலைவர் சொன்னா சொன்னதுதான்லா. போய் ரசத்தைப் பாரு."

முப்பது ஆண்டாக இரண்டு சொல்லையும் நாவால் தொடவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். டாலரை மேடையில் தொட்டிருக்கிறீர்கள். தொட்டதோடு நில்லாமல், வெள்ளியும் அதுவும் ஒன்று என்று அவையறிய முடிச்சும் போட்டிருக்கிறீர்கள். அவர் நம்பினார். சமையற்கட்டு இருவருக்கும் ஆளுக்கு நாற்பது டாலர் என்று வாக்குக் கொடுத்தார். உறை வந்தது. உள்ளே இருந்ததைக் கப்பலில் ஒருவரும் வாங்க மாட்டார்கள். வாங்கினாலும் மொத்தமே அறுபது டாலருக்கு மேல் தேறாது. எண்பதையும் தன் சம்பளத்திலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டார். அதற்கும் மேல் அவர் உங்களிடம் என்ன கேட்டார்? எதுவும் கேட்கவில்லை. "இது இங்க செல்லாதுங்க" என்றார். "இங்க" என்ற சொல்லை உங்கள் மடலில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நிறுவனத்துக்குப் போன முறையீட்டில் அது காணாமல் போயிருக்கிறது. "செல்லாது" என்பது "மதிப்பற்றது" ஆகியிருக்கிறது. ஒரு சொல்லை விழுங்கி, ஒரு சொல்லைத் திரித்து, ஒரு மனிதரின் பதினான்கு ஆண்டை முடித்துவைத்திருக்கிறீர்கள். தூய தமிழில் இதற்கு என்ன பெயர்?

நாட்டுப் பணத்தின் மானம் என்று கொதிக்கிறீர்கள். அந்த நாடு தன் பணத்துக்கு வைத்த பெயரை மட்டும் சொல்ல மாட்டீர்கள். இது எந்த வகைப் பற்று, அண்ணே?

இன்னும் பத்து நாள் இருக்கிறது.

குணபூசணி

*

கிள்ளான்
புரட்டாசி 7, செவ்வாய் (23-9-2025)

குணபூசணி,

காணொளிக் கருவி வந்தது. பார்க்கவில்லை. பார்க்கவும் மாட்டேன்.

என் பேச்சை எனக்கே போட்டுக் காட்டும் துணிவு உமக்கு எங்கிருந்து வந்தது?

வேலாயுதம்

*

பிரிக்பீல்ட்ஸ்
26 செப்டம்பர் 2025, வெள்ளி

அண்ணே,

துணிவு எங்கிருந்து வந்தது என்றால், உங்களிடமிருந்துதான். இருபது ஆண்டு பட்டிமன்றங்களில் உங்கள் எதிர் அணியில் உட்கார்ந்து பேசியிருக்கிறேன். எதிரி சொன்ன சொல்லை எடுத்து அவன் முன்னாலேயே வை என்று கற்றுக்கொடுத்தது யார்?

நடந்ததை எழுதி நானே நிறுவனத்துக்கு அனுப்பினேன். சில்லறையை, உறையை, என் மௌனத்தை, எல்லாவற்றையும் எழுதினேன். நேற்றுப் பதில் வந்தது, இரண்டே வரியில். முறையிட்டவர் கையொப்பமிட்டுத் திரும்பப் பெற்றால் ஒழிய விசாரணையை நிறுத்த இயலாதாம். சாட்சியாக என் கடிதத்தைக் கோப்பில் வைத்துக்கொள்வார்களாம். கோப்பில்!

சிவநேசனிடம் சொன்னேன். "விடுங்கக்கா. பெரியவரு ஏதோ கோவத்துல எழுதிட்டாரு" என்றார்.

"நீங்க ஏன் அவருக்குப் பரிஞ்சு பேசுறீங்க?" என்று கத்தினேன். விடுதியில் வேறு யாரோ திரும்பிப் பார்த்திருப்பார்கள் போலிருக்கிறது, குரலைத் தணித்துக்கொண்டார்.

"நல்லாப் பேசுனாருக்கா அன்னைக்கு. பதினாலு வருஷத்துல ஒருத்தரும் என்னய மேடைக்குக் கூப்ட்டதில்ல. காசைத்தான் திருப்பிக் கொடுத்தேன். சால்வை என்கிட்டதான் இருக்கு. நல்ல சால்வை."

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணி. அதற்கு முன் இருப்பது ஒரு சனி, ஒரு ஞாயிறு, ஒரு திங்கள்.

செயலாளர் பொறுப்பிலிருந்து விலகும் கடிதம் இத்துடன் இருக்கிறது. கேட்டதைத் தந்துவிட்டேன். இனி நான் கேட்டதைத் தாருங்கள்.

குணபூசணி

*

கிள்ளான்
29 செப்டம்பர் 2025, திங்கள், காலை 11 மணி

தங்கை குணபூசணிக்கு,

அவையோரே என்று தொடங்கிப் பழகிய கை. இன்று அவையில் ஒருவனே இருக்கிறான், குற்றவாளிக் கூண்டிலும் அவனே நிற்கிறான். ஆகவே நேராகச் சொல்கிறேன். முறையிட வேண்டியவன் நான் அல்லன். என் மேல் முறையிட வேண்டியவர்கள் மூவர். அவர்களில் இருவரின் பெயரைக்கூட நான் கேட்டு வைக்கவில்லை.

சனிக்கிழமை உன் மடல் வந்ததும் எனக்குச் சினம் தலைக்கேறியது. உன்னை எழுத்தாலேயே வீழ்த்தச் சான்று தேடிப் புறப்பட்டேன். பெரிய கடைத்தெருவில் இருக்கும் நாணய மாற்றகத்துக்குப் போனேன். வரிசையில் எனக்குப் பின்னே ஐந்தாறு பேர். கண்ணாடிக்கு அப்பால் ஒரு தமிழ்ப் பெண்.

"ஐம்பது வெள்ளி கொடம்மா" என்றேன், வேண்டுமென்றே, எல்லார்க்கும் கேட்கும்படி.

அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "எந்த வெள்ளி அங்கிள்? சிங்கப்பூரா, புருணையா, ஆஸ்திரேலியாவா?"

"வெள்ளி என்றால் நம் வெள்ளி!"

"நம்ம வெள்ளியா? அதான் உங்க கையிலயே இருக்கே!"

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். முப்பது ஆண்டு மேடையில் நின்றவனைப் பார்த்துச் சிரித்தார்கள். கூண்டுக்குள் இருந்த உன்னைப் பார்த்து என் அவை சிரித்ததைப் போலவே சிரித்தார்கள். நீ இருபத்திரண்டு ஆண்டு இதே கேள்வியைக் கேட்டிருப்பாய். நான் ஒருமுறை கேட்டிருந்தால் போதும்.

தோற்று வெளியேற உள்ளம் ஒப்பவில்லை. பையைத் துழாவினேன். கப்பல் ஏறிய நாளில் மிஞ்சிய சிங்கப்பூர்க் காசு ஒன்று கிடந்தது. அதைக் கண்ணாடிக்குக் கீழே தள்ளினேன்.

"காயின் எடுக்க மாட்டோம் அங்கிள். இது இங்க செல்லாது."

அதே சொல்! அதே மூன்று சொல்! அவள் சிங்கப்பூரை இழிவுபடுத்தவில்லை. என்னையும் இழிவுபடுத்தவில்லை. அடுத்தவரைப் பார்த்து, "நெக்ஸ்ட்" என்றாள். வேறொன்றுமில்லை. வழி தெரியாதவனிடம் இந்தப் பாதை முட்டுச் சந்து என்று சொல்வதைப் போலச் சொன்னாள். சிவநேசனும் அப்படிச் சொன்னதைக் கேட்டுத்தான் நான் ஒரு நாட்டின் மானம் போயிற்று என்று கொதித்தேன்.

லோகனின் வண்டியில் உட்கார்ந்து காணொளியைப் பார்த்தேன். இரண்டு முறை. "நான்தான் தலைவரே அவர்கிட்ட டாலர்னு சொன்னேன்" என்று அவன் அழ ஆரம்பித்தான். "வாயை மூடடா, அதற்கு முன்பே நான் சொல்லியிருக்கிறேன்" என்றேன். காணொளியில் என் குரலைவிட என்னைச் சுட்டது அந்த மனிதரின் முகம். பெயர் சொல்லி அழைத்ததும் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு முன்னே வருகிறார். துடைத்த கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் பின்னால் கட்டிக்கொள்கிறார். அந்தக் கைக்குத்தான் நான் சில்லறை கொடுத்தேன்.

நான் தந்த உறையில் இருந்தது இருநூறு ரிங்கிட். எழுதிவிட்டேன். ரிங்கிட். நான் சொன்னது இருநூறு சிங்கப்பூர் டாலர். எழுதிவிட்டேன். டாலர். வெள்ளி என்ற என் அழகிய சொல் அவ்விரண்டுக்கும் நடுவே நின்று ஒரு மனிதரை ஏமாற்றியிருக்கிறது. சொல்லின் மேல் குற்றமில்லை. எந்த வெள்ளி என்று கேட்க விடாத வாயின் மேல் குற்றம். கொடுப்பவன் தன் பெருமைக்கு ஏற்ற பணத்தைக் கொடுப்பது கொடையன்று. வாங்குபவன் கையில் செல்வதைக் கொடுப்பதே கொடை. இதை வரும் ஞாயிறு பொதுக்கூட்டத்தில், உன்னைப் பார்த்து நான் சொன்ன சொல்லையும் சேர்த்து, நானே எழுந்து நின்று படிப்பேன். ஏழு பேர் கை தூக்கட்டும், தூக்காமல் போகட்டும்.

உன் மேல் எனக்கு இன்னும் சினம் இருக்கிறது. தெரிந்தும் உறையை ஒட்டினாய். என்னை வீழ்த்த நினைத்து ஓர் உழைப்பாளியை இடையில் நிறுத்தினாய். அதற்கு நீ மறுமொழி சொல்லியே ஆக வேண்டும். நாம் மேடையிலேயே மோதிக்கொள்ளலாம். ஆனால் இன்றைக்கு வேண்டாம்.

இம்மடலைக் கொண்டுவருபவன் லோகன். அவன் கையில் மூன்று பொருள் இருக்கின்றன. முதலாவது, உன் விலகல் கடிதம், கிழிக்கப்பட்டு. இரண்டாவது, இருநூறு சிங்கப்பூர் டாலர், புதுத் தாளாக, ஒரு காசும் சில்லறை இல்லை. விடுதிக்கு எப்படி அனுப்புவதென்று உனக்குத்தான் தெரியும். மூன்றாவது, முறையீட்டைத் திரும்பப் பெறும் கடிதம், நானே ஆங்கிலத்தில் எழுதியது. முப்பது ஆண்டுக்குப் பிறகு எழுதியிருக்கிறேன். பிழை இருக்கும், திருத்து. அவர் பணம் கேட்கவே இல்லை என்பதையும், "இங்கே" என்ற சொல்லை நான் விழுங்கியதையும் அதில் ஒப்புக்கொண்டிருக்கிறேன். அதை மட்டும் திருத்தாதே. விசாரிக்காமலே ஒருவரை விலக்கிவைத்த நிறுவனத்தையும் ஒரு பத்தியில் சாடியிருக்கிறேன்; அது கடுமையாக இருந்தால் இன்னும் கடுமையாக்கு. கடைசித் தாளில் என் கையொப்பம் இருக்கிறது.

நிறுவனம் மாலை ஐந்து மணிக்கு மூடும். லோகன் உன் வீட்டு வாசலில் நிற்பான். போய்ச் சேர்ந்தது என்று நீ சொல்லும்வரை வண்டியை எடுக்க மாட்டான். உன் எண்ணுக்குப் போட்ட அடைப்பை நீக்கிவிட்டேன்.

இம்மடலை இரண்டாம் முறை படிக்காதே. எழு. கணினியைத் திற. அனுப்பு. இப்போதே அனுப்பு. அனுப்பிவிட்டு என்னை அழை.

வேலாயுதம்